காஸ்பேசியைக் காரில் சுற்றிவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ்பேசி எங்கே இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது?

கியூபெக் மாகாணத்தின் கிழக்கு முனையில், செயின்ட் லோரன்ஸ் ஆறு கடலாக மாறும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் அது. வடக்கே மறுகரை தெரியாத அகலத்தில் ஆறு. நடுவே ஷிக்-ஷொக் மலைகள். தெற்கே ஷலேர் விரிகுடா. மேற்கே சல்மன் மீன் ஏறும் மத்தபேடியா ஆற்றின் பள்ளத்தாக்கு. 132-ஆம் இலக்கச் சாலை இவற்றை ஒரு வளையமாகச் சுற்றி வருகிறது. செந்த்-ஃபிளாவி என்ற சிற்றூரில் வளையம் தொடங்கி அங்கேயே முடிகிறது. நீளம் 885 கிலோமீற்றர்.

மிக்மாக் பழங்குடி மக்களின் நிலம் இது. 1534 ஜூலை 24 அன்று ஜாக் கார்த்தியே பிரெஞ்சு மன்னனின் பெயரில் சிலுவை நட்டதும் இங்கே, காஸ்பே குடாவின் கரையில்தான்.

எத்தனை நாள் வேண்டும்? நீண்ட வார இறுதியில் போய்வர முடியாதா?

முடியாது. முயற்சி செய்பவர்கள் காரின் கண்ணாடிக்கு வெளியே எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். ரொறன்ரோவிலிருந்து செந்த்-ஃபிளாவிக்கு மட்டுமே ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். மொன்றியலிலிருந்து அதில் பாதி. வளையத்தையும் சேர்த்தால் ரொறன்ரோக்காரருக்கு மொத்தம் 3,100 கிலோமீற்றருக்குக் குறையாது.

885 கிலோமீற்றரைப் பத்து மணித்தியாலத்தில் ஓடிவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 132-இல் உச்ச வேகம் 90. ஆனால் சாலை ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிறது, ஊருக்குள் 50. வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். மொன்றியலிலிருந்து குறைந்தது ஏழு நாள், ரொறன்ரோவிலிருந்து ஒன்பது. பதினொரு நாள் கிடைத்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது?

பெரும்பாலான வழிகாட்டிகள் வடகரையால் தொடங்கச் சொல்வார்கள். எங்கள் பரிந்துரை அதற்கு நேர் எதிர்: முதலில் மத்தபேடியா பள்ளத்தாக்கால் தெற்கே இறங்கி, ஷலேர் விரிகுடாவை ஒட்டிக் கிழக்கே போய், கிழக்கு முனையிலுள்ள பெர்சே, காஸ்பே ஊர்களைப் பார்த்து, வடகரையால் மேற்கே திரும்புங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

கனடாவில் வலப்பக்கம் ஓட்டுகிறோம். இந்தத் திசையில் போனால் கடலும் ஆறும் எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும். பார்வையிடங்களும் நிறுத்துமிடங்களும் கடற்பக்கமாகவே அமைந்திருப்பதால், எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கே வெட்டாமல் நினைத்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தலாம். மறுதிசையில் போனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வளைவுகளுக்கு நடுவே இடப்பக்கம் திரும்ப வேண்டும். அலுத்துப்போய் நாலில் மூன்றைத் தவிர்த்துவிடுவீர்கள்.

இதில் ஒரு குறை உண்டு. வடகரையில் மேற்கு நோக்கி ஓட்டும்போது மாலைச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். அந்த நாளில் காலை எட்டு மணிக்குள் கிளம்பி, மாலை நாலு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

இரவுகளை எங்கெங்கே பிரிப்பது?

ரொறன்ரோவிலிருந்து பதினொரு நாளுக்கு இப்படி:

முதல் நாள் 800 கிலோமீற்றர் ஓடி, கியூபெக் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள லெவியில் தங்குங்கள். மொன்றியல் நகருக்குள் நுழையாமல் தெற்கே சுற்றிச் செல்லும் 30-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துப் பிறகு 20-இல் ஏறினால் நெரிசல் குறைவு. இரண்டாம் நாள் மோன்-ஜொலியில் தெற்கே திரும்பி அம்குயி அல்லது கொசாப்ஸ்கால். மூன்றாம் நாள் மிகுவாஷா புதைபடிவப் பூங்காவைப் பார்த்துவிட்டு கார்ல்ட்டன்-சுர்-மேர். நாலாம் நாள் 200 கிலோமீற்றர் ஓடி பெர்சே. அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் காஸ்பே. ஃபொரியோன் பூங்காவுக்காக இரண்டு இரவு. எட்டாம் நாள் வடகரையால் 240 கிலோமீற்றர், செந்த்-ஆன்-தே-மோன். மலைகளுக்காக இரண்டு இரவு. பத்தாம் நாள் மீண்டும் லெவி, பதினோராம் நாள் வீடு.

பெர்சே, ஃபொரியோன், மலைகள்: இந்த மூன்று இடத்திலும் இரண்டு இரவு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று பலமானால் பெர்சேயிலிருந்து பொனவென்ட்யூர் தீவுக்குப் படகு ஓடாது. முகில் இறங்கினால் மலையுச்சியில் பத்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு இரவு மட்டும் வைத்திருப்பவருக்கு மறுவாய்ப்புக் கிடையாது. நாள் குறைவென்றால் அம்குயி, கார்ல்ட்டன் இரண்டில் ஒன்றை வெட்டுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஓகஸ்ட் கடைசி வாரம் தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதி வரை. பூச்சி குறைந்திருக்கும், கடற்பறவைகள் இன்னும் பொனவென்ட்யூர் தீவில் இருக்கும், விடுதி கிடைக்கும். இலை நிறம் மாறுவதைப் பார்க்க விரும்புவோர் செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் வாரம் போகலாம். அப்போது மத்தபேடியா பள்ளத்தாக்குத்தான் மிக அழகு.

ஜூலையின் கடைசி இரண்டு வாரங்களைத் தவிருங்கள். கியூபெக்கின் கட்டடத் தொழிலாளர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை விழும் காலம் அது. மாகாணத்தில் பாதிப்பேர் காஸ்பேசிக்கு வந்துவிட்டார்களோ என்று தோன்றும். பெர்சேயில் அறை வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்பதிவு தேவை.

ஜூனில் கறுப்பு ஈயும் நுளம்பும் கடிக்கும். மலையில் பனி மிச்சமிருக்கும், சில பாதைகள் மூடியிருக்கும். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையில் வரும் நன்றி நவிலல் நாளுக்குப் பிறகு படகு, உணவகம், விடுதி என்று ஒவ்வொன்றாகக் கதவடைத்துவிடும்.

சாலை கடினமா? புதிதாக ஓட்டப் பழகியவர் ஓட்டலாமா?

தென்கரையும் பள்ளத்தாக்கும் எளிது. கவனம் வேண்டியது ரிவியேர்-ஓ-ரெனாரிலிருந்து கிராந்த்-வாலே தாண்டும் வரையிலான வடகரைப் பகுதி. ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு குடாவின் அடியில் இருக்கின்றன. இடையிலுள்ள மலைமுனைகள்மேல் சாலை ஏறி மறுபக்கம் செங்குத்தாக இறங்குகிறது. சரிவு எத்தனை வீதம் என்று பலகை சொல்லும். பலகையைக் கண்டதும், இறங்கத் தொடங்குமுன் கியரைக் குறைத்துவிடுங்கள். தானியங்கி கார்களிலும் L, B அல்லது கையால் மாற்றும் நிலை உண்டு. அடிவாரம் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தட்டுகள் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். ஆட்கள் நிறைந்த வான் வண்டியில் இது இன்னும் விரைவாக நடக்கும். கருகிய வாடை வந்தால் சமதரையில் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அதற்கு மேற்கே, செந்த்-ஆன்-தே-மோன் வரை சாலை அப்படியே மாறிவிடுகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அலை, நடுவே இரண்டு தடம். இந்தப் பயணத்திலேயே மிகச் சிறந்த நூறு கிலோமீற்றர் என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். பாறையிலிருந்து கற்கள் உதிர்வதுண்டு. இலையுதிர்காலப் புயல்களில் அலை சாலைமீதே கல்லை வீசும். புறப்படுமுன் 511 சேவையில் சாலை நிலைமையைப் பாருங்கள். பாறையடியில் குறுகிய ஓரத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். சிறிது தூரத்திலேயே ஒழுங்கான நிறுத்துமிடம் வரும்.

ரேடார் கண்டுபிடிக்கும் கருவி கியூபெக்கில் சட்டவிரோதம். ஒன்ராறியோக்காரர் பலருக்குத் தெரியாத இன்னொன்று: மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது, தீவுக்கு வெளியே, தடைப்பலகை இல்லாத இடத்தில் திரும்பலாம்.

மூஸ் மானைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கிறார்களே, உண்மையா?

உண்மை. மூஸின் கால்கள் நீளம். கார் மோதும்போது முன்பகுதி கால்களை மட்டும் தட்டிவிட, நானூறு ஐந்நூறு கிலோ உடல் நேரே முன்கண்ணாடிமேல் விழுகிறது. கண்கள் முகப்பு விளக்கின் ஒளிக்கு மேலே இருப்பதால், மற்ற மான்களின் கண்களைப்போல இருட்டில் மின்னிக் காட்டிக்கொடுப்பதும் குறைவு. கரிய உடலும் தெரியாது. கோடையின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் போட்ட உப்புக் கரைந்து தேங்கிய குட்டைகளைத் தேடிச் சாலையோரம் வரும். இலையுதிர்காலத்தில் இணை தேடி அலையும்.

மத்தபேடியா பள்ளத்தாக்கிலும், மலையை ஊடறுக்கும் 299-ஆம் சாலையிலும் பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். ஓட்டியே ஆகவேண்டுமென்றால் வேகத்தை 70-க்குக் குறையுங்கள். எதிரே நின்றால் திடீரென்று வேறு தடத்துக்கு வெட்டாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரலாம்.

பெற்றோல், கைத்தொலைபேசி, மின்கார்?

தாங்கி பாதியானதும் நிரப்புங்கள். சிற்றூர் நிலையங்கள் இரவில் மூடிவிடும். 100 கிலோமீற்றருக்கு 8.5 லீற்றர் குடிக்கும் கார் என்றால் ரொறன்ரோவிலிருந்து போய்வர 265 லீற்றர் அளவு. ஏழு இருக்கை வானுக்கு 340 வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் போய்வரும் கணக்கு இதில் சேராது.

299-இல் செந்த்-ஆன்-தே-மோனிலிருந்து நியூ ரிச்மண்ட் வரை 140 கிலோமீற்றர் காடு. சிக்னல் பெரும்பாலும் இருக்காது. வடகரைக் குடாக்களிலும் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மின்காருக்கு ஹைட்ரோ-கியூபெக்கின் 'சிர்க்வி எலெக்ட்ரிக்' நிலையங்கள் வளையம் முழுக்க உண்டு. மேடேறும்போது மின்கலம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

ஷலேர் விரிகுடாவின் மேற்கு முனையில் எதிர்க்கரை நியூ பிரன்ஸ்விக். அங்குள்ள கோபுரத்தின் சிக்னலைப் பிடித்தால் தொலைபேசியின் கடிகாரம் தானாக ஒரு மணித்தியாலம் முன்னே போய்விடும். காலை அலாரம் வைப்பவர்கள் நேரவலயத்தைக் கையால் நிலைப்படுத்திவிடுங்கள்.

பெர்சே பாறையிலும் பொனவென்ட்யூர் தீவிலும் என்ன செய்வது?

பாறையின் நீளம் 433 மீற்றர், உயரம் 88. இப்போது ஒரு துளைவளைவுதான் இருக்கிறது. இன்னொன்று 1845-இல் இடிந்து விழுந்துவிட்டது, அதன் மிச்சத் தூண் தனியாக நிற்கிறது. கற்கள் ஓயாமல் உதிர்கின்றன. வற்றுநேரத்தில் அடிவாரத்துக்கு நடந்துபோன பழைய படங்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

பெர்சே இறங்குதுறையில் படகுக்குச் சீட்டு வாங்கினால் பாறையையும் தீவையும் சுற்றிக்காட்டித் தீவில் இறக்கிவிடுவார்கள். காலையின் முதல் படகுகளில் ஏறுங்கள். பிற்பகலில் காற்று எழும். தீவில் கனெட் என்ற வெண்ணிறக் கடற்பறவைகளின் குடியிருப்பு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பறவைகள், இறக்கை விரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மீற்றர். குறுக்குப் பாதையால் முக்கால் மணித்தியாலம் நடந்தால் கயிற்றுக்கு அப்பால் கையெட்டும் தூரத்தில் அவை கூடுகட்டி இருப்பதைக் காணலாம். நாற்றம் கடுமை, இரைச்சல் அதைவிடக் கடுமை. ஆனாலும் ஒரு மணித்தியாலம் நிற்காமல் வரமாட்டீர்கள். நாய்க்கு அனுமதியில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

ஃபொரியோனில்?

தெற்குப் பக்கம் கிராந்த்-கிராவ், வடக்குப் பக்கம் காப் பொன் அமி. இரண்டும் வேறுவேறு வாயில்கள். சாலை முடியும் இடத்திலிருந்து காஸ்பே முனை வெளிச்சவீட்டுக்குப் போய்வர 8 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். திமிங்கிலப் படகு கிராந்த்-கிராவ் துறையிலிருந்து புறப்படும். தடித்த மேலாடை அவசியம். பூங்காவுக்கு அருகே காப்-தே-ரொசியேயில் 1858-இல் கட்டிய வெளிச்சவீடு 34 மீற்றர், கனடாவிலேயே உயரமானது.

கிராந்த்-கிராவில் பழைய மீனவர் வீடுகளும் ஹைமன் கடையும் காக்கப்பட்டுள்ளன. 1970-இல் பூங்காவை அமைக்க இங்கே வாழ்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அரசு வெளியேற்றியது. பல வீடுகளை எரித்தது. 2011-இல்தான் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. ஊரை இழப்பது என்னவென்று அறிந்த நம்மவர்கள் இந்த வீடுகளை அவசரமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

ஷிக்-ஷொக் மலைகளில் எந்தப் பாதை?

செந்த்-ஆன்-தே-மோனிலிருந்து 299-இல் 40 கிலோமீற்றர் உள்ளே போனால் காஸ்பேசி தேசியப் பூங்காவின் நடுப்பகுதி வரும். குழந்தைகளோடு போனால் லாக் ஓ-அமெரிக்கேன். போய்வர மூன்று கிலோமீற்றருக்குள். பனியாறு குடைந்த கிண்ணத்தில் ஒரு ஏரி. மூஸ் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலையில் எர்னெஸ்ட்-லஃபோர்ஸ் மலை. நன்றாக நடப்பவர்களுக்கு அல்பெர்ட் மலை: முழுச் சுற்று 17 கிலோமீற்றருக்கு மேல், ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம். அதன் உச்சி மேசைபோலத் தட்டை. பாறையில் மக்னீசியமும் நிக்கலும் மிகுதி என்பதால் மரம் வளராமல் துருநிறத்தில் கிடக்கிறது.

1,270 மீற்றர் உயர ஜாக்-கார்த்தியே மலைக்கு ஜூன் 24-க்கு முன் அனுமதி இல்லை. பிறகும் காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான். செயின்ட் லோரன்ஸுக்குத் தெற்கே எஞ்சியிருக்கும் கடைசிக் கரிபு மான் கூட்டம் அங்கே வாழ்கிறது. சில பத்து மிருகங்களே மிஞ்சியுள்ளன. அவை அமைதியாக மேயவேண்டும் என்பதற்கே இந்த நேரக்கட்டுப்பாடு. பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள்.

அடிவாரத்தில் 22 பாகை என்றால் உச்சியில் 10, காற்றில் அதைவிடக் குறைவு. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் குளிரில் உறைய வைக்கும். காற்றுத் தடுக்கும் மேலாடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும்.

தென்கரையில் எதற்கு நிற்கவேண்டும்?

மிகுவாஷாவுக்குக் கட்டாயம். 38 கோடி ஆண்டுப் பழைமையான மீன் புதைபடிவங்களுக்காக 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். மீன் துடுப்பு எப்படிக் கையாக மாறத்தொடங்கியது என்பதைக் காட்டும் எல்பிஸ்டொஸ்டெகே என்ற மீனின் முழு உடற்படிவம் 2010-இல் இங்கே கிடைத்தது. கார்ல்ட்டனில் 555 மீற்றர் சென்-ஜோசஃப் மலை உச்சிவரை காரிலேயே ஏறலாம். பொனவென்ட்யூர் ஆற்றில் தண்ணீர் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. கயாக் வாடகைக்கு உண்டு. தென்கரை அல்ல என்றாலும், வளையத்தின் வடமேற்கில் கிரான்-மேத்தியில் எல்சி ரெஃபர்ட் என்ற பெண்மணி 1926-இல் தொடங்கிய தோட்டத்தில் இமயமலை நீலப் பொப்பி ஜூன் கடைசியில் பூக்கும்.

ஒரு பூங்கா அனுமதி எல்லா இடத்துக்கும் செல்லுமா?

செல்லாது. ஃபொரியோன் கனடா மத்திய அரசின் பூங்கா. காஸ்பேசி, பொனவென்ட்யூர், மிகுவாஷா மூன்றும் கியூபெக் மாகாணத்தின் செபாக் அமைப்புக்குரியவை. இரண்டுக்கும் தனித்தனி நுழைவு. செபாக் பூங்காக்களுக்கு இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். படகுக் கட்டணமும் தீவின் நுழைவுக் கட்டணமும் வேறுவேறு.

சைவ உணவு கிடைக்குமா?

சிரமம். உருளைக்கிழங்குப் பொரியல்மேல் சீஸும் குழம்பும் சேர்க்கும் பூட்டினில், அந்தக் குழம்பு வழக்கமாக இறைச்சிச் சாற்றில் செய்வது. பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்குப் பொரியல் மீன் பொரித்த எண்ணெயிலேயே வரலாம். சமையலறையுள்ள தனிவீடு எடுப்பதே வழி. சாதாரண மோட்டல் அறையில் றைஸ் குக்கர் வைத்து மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அடிக்கும், அபராதமும் வரும். அரிசி, பருப்பு, தூள் வகை, தேங்காய்ப்பால் கட்டாயம் கொண்டுபோங்கள். மரக்கறியை ரிமூஸ்கி, காஸ்பே, செந்த்-ஆன்-தே-மோன் பெருங்கடைகளில் வாங்கலாம்.

மீன் உண்பவர்களுக்குக் கவலையில்லை. சிங்கி இறால் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. மீன்கடையில் அவித்தே தருவார்கள்.

பிரெஞ்சு தெரியாவிட்டால்?

பூங்காக்களிலும் பெர்சே விடுதிகளிலும் ஆங்கிலம் போதும். பெற்றோல் நிலையத்திலும் சிறு கடையிலும் முதலில் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுப் பேசினால் முகம் மலர்ந்து உதவுவார்கள். பலகைகளில் 'அரே' என்றால் நில், 'எஸ்ட்' கிழக்கு, 'உவெஸ்ட்' மேற்கு, 'ஹால்ட்' கழிப்பறையுள்ள இளைப்பாறுமிடம்.

தங்குமிடச் செலவில் மறைந்திருப்பது என்ன?

விலைக்குமேல் 5 வீதம் மத்திய வரி, 9.975 வீதம் மாகாண வரி, விடுதிக்குத் தனியாக 3.5 வீதம். இணையத்தில் வீடு எடுக்கும்போது விளம்பரத்தில் கியூபெக்கின் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. கடைசி நேரத்தில் முன்பதிவு ரத்தானால் பெர்சேயில் மாற்றிடம் கிடைக்காது.

வழியில் நோய் வந்தால் ஒன்ராறியோ சுகாதார அட்டை செல்லுமா?

மருத்துவமனைக் கட்டணத்துக்குச் செல்லும். ஆனால் மருத்துவர்கள் தம் கட்டணத்தை உங்களிடமே கேட்கலாம். பற்றுச்சீட்டு வாங்கி ஒன்ராறியோவில் திரும்பக் கோரவேண்டும். மருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் கைப்பணம்தான். பெரியவர்களோடு போகிறவர்கள் மாகாணத்துக்கு வெளியே செல்லும் காப்புறுதி எடுங்கள். மருத்துவமனைகள் ரிமூஸ்கி, அம்குயி, மரியா, சாண்ட்லர், காஸ்பே, செந்த்-ஆன்-தே-மோன், மத்தான் ஊர்களில் உண்டு. அவசரத்துக்கு 911, தாதியிடம் ஆலோசனைக்கு 811.

ரயிலில் போகலாமா?

காஸ்பே வரையிலான வியா ரயில் சேவை 2013-இல் நின்றுவிட்டது. மொன்றியல் ரயில் மத்தபேடியா வரை வரும். அங்கிருந்து கார் இல்லாமல் சுற்றமுடியாது.

திரும்பும்போது வந்த வழியே வராமல் வேறு வழி உண்டா?

உண்டு. மத்தானிலிருந்து வாகன ஃபெரியில் ஏறினால் இரண்டேகால் மணித்தியாலத்தில் செயின்ட் லோரன்ஸின் மறுகரையிலுள்ள பே-கொமோ. அங்கிருந்து 138-ஆம் சாலையால் மேற்கே வந்தால் திமிங்கிலங்களுக்குப் பேர்பெற்ற தாதுசாக், சாகனே ஆற்றைக் கடக்கும் இலவச ஃபெரி, பிறகு ஷார்லவ்வா மலைகள் வழியே கியூபெக் நகரம். இதற்கு ஒரு இரவு கூடுதலாக வையுங்கள், தாதுசாக்கில் தங்கலாம். மத்தான் ஃபெரிக்கு வாகனத்தின் நீளத்தைச் சொல்லி முன்பதிவு செய்யவேண்டும். காற்று பலமான நாளில் ரத்தாகலாம் என்பதால், வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முந்திய நாளில் இதை வைக்காதீர்கள்.